இருபத்தேழாம் நம்பர் தட்டு

தியாகராய நகரில் ஒரு தையல் வீட்டு நிலைப்படியில் நின்று, முந்தானையை இரண்டு முறை உதறி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டி, "ஒண்ணும் இல்லை" என்று சொன்னேன்.

யாரும் என்னை எதுவும் கேட்டிருக்கவில்லை.

உள்ளே காக்கித் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஏழு பெண்களும் ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டு எஜமானி ஜமீலா பீபி, வாய் வரைக்கும் கொண்டுபோன டீயைக் குடிக்காமல் வைத்திருந்தார். பக்கத்தில் நின்ற கன்னியம்மாள் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

ஆறு நாட்களாக அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம், இந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போது இதை மட்டும் செய்துவிடாதே என்பதுதான். அவள் ஒரு நாளும் செய்யவில்லை. ஆறாம் நாள், டிரெயினிங் முடித்துச் சர்ட்டிபிகேட் வாங்கிய டீச்சராகிய நான் செய்தேன்.

ஊசி எண்ணும் வீடு

அது யுத்த காலம். லஸ்ஸிலிருந்து சற்றுத் தள்ளி, உயரமான மதில் போட்ட பழைய பங்களா ஒன்றில், கோர்ட்டிலிருந்து அனுப்பப்படும் பெண்பிள்ளைகளுக்கான சீர்திருத்தப் பள்ளி இருந்தது. காகிதத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு. டிராம் கண்டக்டர்கள் 'பொட்டப்புள்ளைங்க ஜெயில்' என்பார்கள். நான் அங்கே எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

என் பெருமையை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைத் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். சாந்தோமில் எங்கள் மாதா கோயிலின் கல்யாணப் புத்தகத்தைப் புரட்டினால், எங்கள் குடும்பத்து ஆட்கள் அத்தனை பேரும் வெறும் சிலுவைக் குறிதான். எழுதத் தெரியாதவர்கள் அப்படித்தான் கையெழுத்து வைப்பார்கள். சிலுவை போடாமல், சாட்சியாகப் பெயரை எழுதிய முதல் ஆள் நான்.

என் டிரெயினிங் சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு, இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தேன். ஆணி அடித்த அவசரத்தில் அது படத்தைவிட இரண்டு விரற்கடை உயரமாகப் போய்விட்டது. வீட்டை ஆசீர்வதித்து மந்திரிக்க வந்த எங்கள் கோயில் சாமியார் அதைப் பார்த்துவிட்டு இரண்டு முறை இருமினார்.

பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. யுத்தத்தால் சீமை ஊசி வருவது நின்றுபோயிருந்தது. ஒரு ஊசி உடைந்தால் துக்கம் விசாரிக்கும் காலம். தையல் அறையில் சுவரோரம் ஒரு சிவப்புத் துணி தொங்கும். அதில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நம்பர். மணி அடித்ததும் அவரவர் ஊசியை அவரவர் நம்பரில் குத்த வேண்டும். பிறகு நிலைப்படியில் நின்று தாவணியை இரண்டு முறை உதறி, இரண்டு கையையும் விரித்து, "ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.

டீச்சர்களுக்கும் இதே சட்டம்தான். எனக்கு முன்னால் இருந்த ஒரு டீச்சரின் குடைக்குள்ளிருந்து பள்ளியின் கத்தரிக்கோல் விழுந்ததாம். அன்றிலிருந்து படித்த கைக்கும் படிக்காத கைக்கும் வித்தியாசம் கிடையாது. நான் ஒரு நாளைக்கு நான்கு முறை முந்தானையை உதறினேன். ஒரு வருஷத்தில் அது எனக்குச் செருப்பைக் கழற்றுவது போலாகிவிட்டது.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு பெண் விடுதலையாகிப் போனால், அவள் சாப்பிட்ட தகரத் தட்டை ஒரு வருஷத்துக்கு யாருக்கும் தர மாட்டார்கள். கழுவி, அலமாரியில் கவிழ்த்து வைத்துவிடுவார்கள்.

ஏன் என்று சூப்பரிண்டெண்டு அம்மாளைக் கேட்டேன். மயிலாப்பூர் மாட வீதிக்காரர். வெளியே ஒரு முகம், உள்ளே ஒரு முகம் என்று இல்லாதவர்.

"எப்படியும் திரும்பி வரத்தானே போறதுகள். வந்தா இன்னொருத்தி தட்டுல சாப்பிடணுமா? அதுகளுக்குன்னு இருக்கிறதே அந்தத் தட்டுதான்" என்றார்.

அதில் பாசம் எவ்வளவு, அவநம்பிக்கை எவ்வளவு என்று எனக்கு இன்று வரை பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மயிலைத் தின்ன முடியுமா

கன்னியம்மாளின் தட்டு இருபத்தேழாம் நம்பர். அது ஒருமுறை கவிழ்ந்து, மறுபடியும் நிமிர்ந்த தட்டு.

அவளுக்குத் தாய் தகப்பன் கிடையாது. மாமன் ஒருவன் வளர்த்தான். எதற்காக வளர்த்தான் என்பது, கோயில் கூட்டத்தில் அவள் ஒரு அம்மாளின் கழுத்துச் சங்கிலியை அறுத்தபோது தெரிந்தது. அப்போது அவளுக்குப் பதினாலு வயது. இரண்டு வருஷம் பள்ளியில் இருந்துவிட்டுப் போனாள். நாலே மாதத்தில், வேறொரு கழுத்து, வேறொரு சங்கிலி, திரும்பவும் அதே தட்டு.

"வெளிய போனியே, வேலை தேடினியா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தேடினேனே. போவும்போது இன்னா குடுத்தீங்க எனக்கு? ரெண்டு தாவணி, ஒரு நல்லொழுக்கப் புஸ்தகம், மயில் போட்ட தலகாணி உறை ரெண்டு."

எங்கள் பள்ளியின் தொழிற்கல்வி அப்போது அந்த மயிலோடு முடிந்தது. இரண்டு வருஷத்தில் ஒரு பெண் தோகை விரித்த மயிலைப் பின்னக் கற்றுக்கொள்வாள். விழாவுக்கு வரும் பெரிய மனுஷிகள் அதைப் பார்த்து "எவ்வளவு அழகு" என்பார்கள். பிறகு காரில் ஏறிப் போய்விடுவார்கள்.

"குளத்தாண்ட ஒக்காந்து வித்துப் பாத்தேன். ஒருத்தி வாங்கல. எங்க கத்துகினேன்னு கேக்கறாங்க, சொன்னா முந்தானைய இழுத்து மூடிகினு போறாங்க. மயிலத் தின்ன முடியுமா டீச்சர்?"

எல்லோரையும் 'நீ' என்றுதான் பேசுவாள். மாஜிஸ்டிரேட்டையும் அப்படித்தான் பேசியிருக்கிறாள். என்னை 'நீங்க' என்று சொல்ல வைக்க நான் ஒரு மாதம் பாடுபட்டேன். கோபம் வந்தால் பழையபடி 'நீ', பிறகு 'அது', 'இது'.

அந்த மயில் கேள்விக்குப் பதிலாக மறுநாள் ஒரு இஞ்சு டேப்பைக் கொண்டுபோய்க் கரும்பலகையில் தொங்கவிட்டேன். அதுவே கணக்குப் பாடமாயிற்று. அரை, கால், அரைக்கால் எல்லாம் தோள்பட்டையிலும் கைமணிக்கட்டிலும் நடந்தது. காஜா எடுக்க, பட்டன் தைக்க, பழைய சட்டையைப் பிரித்துத் திரும்பத் தைக்கத் தையல் டீச்சர் சொல்லிக்கொடுத்தார். பட்டன் நுழையும் ஓட்டையை வெட்டி, விளிம்பைச் சுற்றி நெருக்கமாக நூல் கட்டுவதற்குத்தான் காஜா என்று பெயர். சட்டை போடுபவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. அது பிரிந்த பிறகுதான் கவனிப்பார்கள்.

கன்னியம்மாள் மற்றவர்கள் ஒரு காஜா முடிப்பதற்குள் மூன்று முடித்தாள். அவள் விரல் அசைவது கண்ணுக்கே தெரியாது. அந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று நாங்கள் யாரும் அவளைக் கேட்கவில்லை.

தை பிறந்தால் அவளுக்குப் பதினெட்டு. அதற்கு மேல் எங்கள் பள்ளியில் வைத்துக்கொள்ள முடியாது. போன முறை விடுதலையானபோது மாமன் வாசலில் ஜிலேபிப் பொட்டலத்தோடு நின்றானாம். இந்த முறையும் நிற்பான். அடுத்த முறை பிடிபட்டால் பெரிய ஜெயில். அங்கே எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது, தட்டைக் கவிழ்த்து வைக்கவும் ஆள் கிடையாது.

சித்தி மகள்

எங்கள் நைனா, அதாவது அப்பா, அடையாற்றில் ஒரு துரை பங்களாவில் பட்லர். அவருடைய வெள்ளைக் கோட்டைத் தைப்பது பனகல் பார்க் பக்கத்தில் ஒரு பாய். கோட்டின் அக்குள் பிரிந்துபோய் அதை எடுத்துக்கொண்டு போனபோதுதான் பார்த்தேன்: முன்கட்டில் பாய் துணி வெட்டுகிறார், பின்கட்டில் அவர் மனைவி ஜமீலா பீபி ஏழு பெண்களை வைத்துக்கொண்டு பட்டாளத்துச் சட்டைகளுக்குக் காஜா எடுக்கிறார். மலையாகக் குவிந்த காக்கி. "கை பத்தலம்மா" என்றார் பாய்.

அதற்கு முன்பே மூன்று இடங்களில் அவளுக்கு வேலை கேட்டு, உண்மையைச் சொல்லிப் பார்த்திருந்தேன். மூன்று கதவும் மரியாதையாகச் சாத்தப்பட்டன. ஆகையால், காஜா எடுக்க ஒரு பெண் இருக்கிறாள் என்று நான் சொல்லி, பீபி "யாரு அந்தப் பொண்ணு?" என்று கேட்டபோது, "என் சித்தி பொண்ணு. செங்கல்பட்டு" என்றேன்.

கன்னியம்மாள் வேலை செய்து காட்ட சூப்பரிண்டெண்டு அம்மாள் ஆறு நாள் அனுமதி கொடுத்தார். காலையில் நான் கொண்டுபோய் விட வேண்டும், சாயங்காலம் நானே அழைத்து வர வேண்டும். "ஓடிப்போனா உன் வேலையும் ஓடிப்போயிடும், தெரியுமோன்னோ?" என்றார்.

முதல் நாள் லஸ்ஸில் கரிவாயு பஸ்ஸுக்காக நின்றோம். பின்னால் ஒரு அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய பஸ் அது. மேட்டில் இரண்டு முறை இருமி நின்றது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். அந்த இடைவேளையில் நான் பாடத்தை நடத்தினேன்.

"கிளம்பும்போது ஊசியை வெச்சிட்டு நேரா நடந்து வந்துடணும். உதறக் கூடாது. கையைக் காட்டக் கூடாது."

"சரி."

"என்னை டீச்சர்னு கூப்பிடக் கூடாது."

"பின்ன?"

"அக்கான்னு கூப்பிடு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நேத்து போர்டுல 'உண்மையே பேசு'ன்னு பத்து தபா எழுதச் சொன்னியே, அத அழிச்சிடலாமாக்கா?"

அந்த வாரம் முழுவதும் அவள் வாயிலிருந்து 'அக்கா' கொட்டியது. பஸ்ஸில் அக்கா, பூக்காரியிடம் "எங்க அக்காவுக்கு ரெண்டு மொழம்", தெருமுனையில் தெரிந்த போலீஸ்காரரிடம் "இது எங்க அக்கா". டீச்சர் என்ற சொல்லுக்காகப் பன்னிரண்டு வருஷம் படித்தவள் நான். ஒவ்வொரு அக்காவுக்கும் எனக்கு உள்ளே ஒரு முள் குத்தும். அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

ஜன்னல் மாடம்

ஆறாம் நாள் சாயங்காலம் நான் போனபோது பீபி மிகவும் சந்தோஷமாக இருந்தார். கன்னியம்மாள் எடுத்த காஜாக்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். எனக்கு டீ வந்தது.

"படிச்சவங்க, நீங்களும் ஒரு காஜா எடுங்க பாப்போம்" என்று ஒரு சட்டையைத் தூக்கி மடியில் போட்டார்.

எடுத்தேன். அதில் பட்டன் நுழையாது. நுழைந்தால் திரும்பி வராது. ஏழு பேரும் சிரித்தார்கள். கன்னியம்மாள் அதிகமாகச் சிரித்தாள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. சட்டென்று எழுந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு துணி தொங்கியது. ஊசியை அதில் குத்தினேன். நிலைப்படிக்கு வந்தேன்.

பிறகு நடந்ததைத்தான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேனே.

"இன்னா டீச்சரம்மா இது, எதுனா வேண்டுதலா?" என்று கேட்டார் பீபி.

எங்கள் கோயில் வழக்கம் என்று திருச்சபை மேல் பழியைப் போட வாயைத் திறந்தேன். அதற்குள் கன்னியம்மாள் பேசிவிட்டாள்.

"பீபி, இதுக்குப் பொய் சொல்ல வராது, வுட்டுடுங்க. நானே சொல்றேன். லஸ்ஸாண்ட ஒரு ஜெயிலு கீது இல்ல, நாங்க அங்கேர்ந்து வரோம். இது அங்க வாத்தியாரு, நான் கைதி. மணி அடிச்சா ரெண்டு பேரும் இப்டிக் கையக் காட்டிட்டுத்தான் வெளிய வரணும். ஆறு நாளா நான் அடக்கிகினு கீறேன். இதால முடியல."

"இன்னா கேசு?"

"சங்கிலி. ரெண்டு தபா." மாமனைப் பற்றியும் சொன்னாள். ஜிலேபியைக்கூட விடவில்லை.

பீபியின் கண் ஜன்னல் மாடத்துக்குப் போனது. தொழுகைக்குமுன் கைகால் கழுவும்போது அவர் மோதிரங்களைக் கழற்றி அங்கே ஒரு பித்தளைக் கிண்ணத்தில் போடுவார். தினமும் போட்டிருக்கிறார். அதற்கு நேர் கீழேதான் கன்னியம்மாள் உட்கார்ந்து தைக்கும் இடம்.

"ஆறு நாளா ஒன் தலைக்கு மேல இருந்திச்சு அது" என்றார் மெதுவாக.

"தெரியும் பீபி. இனிமே அங்க வெக்காதீங்க. அந்த ஜன்னலு சந்துப் பக்கம் கீது. வெளிய நின்னு ஒரு குச்சில கொக்கி கட்டி வுட்டான்னு வைங்க, கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள போயிரும். மொத நாளே சொல்லிருப்பேன். சொன்னா, ஒனக்கு எப்டித் தெரியும்னு கேப்பீங்க."

பீபி எழுந்து போய்க் கிண்ணத்தை எடுத்தார். நான்கு மோதிரங்கள். ஒவ்வொன்றாக விரலில் போட்டுக்கொண்டார்.

"அப்ப அரிசிப் பானைல வெக்கட்டா?"

"ஐயோ, மொதல்ல அதத்தான் தடவுவான். நூல் டப்பாலே போடுங்க. நூல எவன் தொடுவான்?"

மூலையில் ஒருத்தி முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு எல்லோரும். பீபியும் சிரித்தார். நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். பீபி என் பக்கம் திரும்பியபோது அந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

"திருடினவ உண்மையச் சொல்லிட்டா. படிச்சவங்க நீங்கதான் ஆறு நாளா என் வூட்ல பொய் சொல்லிகினு டீ குடிச்சீங்க."

நான் உதறிய முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"நான் வேல குடுப்பேன். ராத்திரிக்கு இவ எங்க போவா? அந்த மாமன் வூட்டுக்குத்தான? அப்ப திரும்பவும் அதே கத. ஒரு வூடு இல்லாத பொண்ண நான் எந்த தைரியத்துல வெச்சிக்கிறது? இப்ப சொல்லுங்க டீச்சரம்மா. இவ ஒங்க தங்கச்சியா, இல்லியா? தங்கச்சின்னா தை பொறந்ததும் ஒங்க வூட்லேர்ந்து வேலைக்கு வரட்டும். இல்லன்னா இப்பவே கூட்டிகினு போயிடுங்க."

எங்கள் வீடு ஒரே அறை. சுவரில் திரு இருதயமும் அதைவிட உயரமாக என் சர்ட்டிபிகேட்டும். அக்கம்பக்கத்தில் அத்தனை பேருக்கும் நான் 'டீச்சரம்மா'. இனி அவர்கள் என்ன சொல்வார்கள் என்றெல்லாம் ஓடியது. ஓடவில்லை என்று எழுதினால் அது ஏழாம் நாள் பொய்.

கன்னியம்மாளைப் பார்த்தேன். அவள் விரல்கள் சும்மா இருந்து நான் கண்டதே இல்லை; எதையாவது திருகும், முறுக்கும். அப்போது பத்து விரலும் அசையாமல் இருந்தன.

"தங்கச்சிதான்" என்றேன். மறுபடியும் சொன்னேன்.

திரும்பும்போது பஸ் மேட்டில் நின்ற இடத்தில் அவள் சொன்னாள்: "ரெண்டாவது தபா சொன்னதுதான் கேட்டிச்சு. மொத தபா வெறும் வாய்தான் அசைஞ்சிச்சு."

கையை மூடு

தை மாதம் வாசலில் மாமன் நின்றான், ஜிலேபியோடு. நான் குடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதைவிடப் பெரிய ஆயுதம் என்னிடம் இல்லை. கன்னியம்மாள் நேராகப் போய்ப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

"மாமா, நான் அக்கா வூட்டுக்குப் போறேன். அக்கா கவருமெண்டு ஆளு. பின்னாடி வந்தே, உள்ள வெச்சிரும்."

அவன் என்னைப் பார்த்தான். நான் கவருமெண்டு மாதிரி நிற்க முயன்றேன். போய்விட்டான். ஜிலேபி நன்றாக இருந்தது.

நைனாவிடம் எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்தேன். அவர் "ம்" என்றதோடு சரி. அது சம்மதமா, கோபமா என்று தெரியாமல் பல நாள் தவித்தேன். அவள் வந்த மறுநாள் காலை விஷயம் தெரிந்தது. கன்னியம்மாள் வேலைக்குக் கிளம்பினாள். எங்கள் வீட்டு நிலைப்படியில் நின்றாள். பழக்கதோஷம், தாவணியை உதறி, நைனாவுக்கு எதிரே இரண்டு கையையும் விரித்தாள்.

நைனா தன் வெள்ளைக் கோட்டுக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாகத் தினமும் அந்தப் பங்களாவில் வெள்ளி ஸ்பூன்களைத் துரைசாணியின் முன்னால் எண்ணி வைத்துவிட்டு, கோட்டுப் பையை வெளியே இழுத்துக் காட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறவர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை ஒரு நாளும் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

"கைய மூடும்மா" என்றார். "இந்த வூட்ல எடுத்துகினு போறதுக்கு இன்னா கீது? அந்தக் கண்ணாடி போட்ட காயிதம் ஒண்ணுதான் கீது. வேணும்னா எடுத்துகினு போ. செவுரு காலியாவும்."

நான் பத்திரிகையில் எழுதும் இந்தத் தொடரை வாராவாரம் நைனாவுக்கு வாசித்துக் காட்டுவது அவள்தான். நான் எழுதாத வரிகளும் நடுவில் வருகின்றன என்று நைனாவின் சிரிப்பிலிருந்து சந்தேகப்படுகிறேன்.

கடைசியாக ஒன்று. அடுத்த தை மாதமும் போனது. ஒரு நாள் மத்தியானம் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன். புதிதாக வந்த சின்னப் பெண் ஒருத்தி, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டின் விளிம்பில் இருபத்தேழு.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். சூப்பரிண்டெண்டு அம்மாள் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "பின்னே என்ன? எத்தனை நாளைக்குக் கவுத்தே வெச்சுண்டிருக்கறது?" என்றார்.

அன்று சாயங்காலம் பஸ் மிக மெதுவாகப் போனது. வீட்டில் கன்னியம்மாள் விளக்கடியில் உட்கார்ந்து நைனாவின் கோட்டுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். ஊசி ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது.

"அதுல ஒரு பக்கம் தகரம் நெளிஞ்சு நீட்டிகினு இருக்கும்" என்றாள். "ஒதட்டக் கிழிக்கும். திருப்பி வெச்சு சாப்பிடச் சொல்லு, அக்கா."